பாம்புப் பெட்டிக்குப் பைன் மரம் ஆகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாம்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் யாரும் முதலில் கேட்பது "பயமா இல்லையா?" என்றுதான். ஆனால் வளர்க்கிறவர்கள் கேட்பது வேறு: எந்தப் பலகையில் பெட்டி அடிப்பது, கீழே எதைப் போடுவது, ஹாம்ஸ்டருக்கு விற்கிற மரச் சீவல் ஆகுமா ஆகாதா. என் அப்பா இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எட்டு வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன், இப்போது வீட்டில் ஒரு பால் பைத்தானும் (பந்து மாதிரி சுருளும் சிறிய மலைப்பாம்பு வகை, ஆங்கிலத்தில் ball python) இரண்டு கார்ன் பாம்புகளும் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) இருக்கின்றன. மரமும் பாம்பும் ஒரே வீட்டில் இருப்பதால் இந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பாதிப் பாதியாகப் பதில் அனுப்புவதைவிட முழுதாக ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

அண்ணே, சுருக்கமாகச் சொல்லுங்கள். பைன் ஆகுமா, ஆகாதா?

நன்றாகக் காய்ந்த பைன் பலகையில் பூச்சுப் போட்டுப் பெட்டி செய்யலாம். பைன் சீவலையும் பைன் மரத்தூளையும் பாம்புக்குப் படுக்கையாகப் போடாதீர்கள். பிசின் கசிகிற பச்சை மரம் பாம்பு இருக்கும் அறைக்குள்ளேயே வேண்டாம். அவசரம் என்றால் இதோடு போகலாம். காரணம் தெரிய வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் கடையில் நிற்கும்போது நீங்களே முடிவு எடுக்க முடியும்.

பைன் மரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வருகிற மாதிரி பைனைக் கீறினால் பிசின் வரும். காயத்தை மூடவும் பூச்சிகளை விரட்டவும் மரம் அதை வைத்திருக்கிறது. அந்தப் பிசினைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பதுதான் டர்பன்டைன், பெயின்ட் அடிக்கிறவர்கள் தூரிகை கழுவுவார்களே, அதுதான். டர்பன்டைன் வாசனையை மூக்கருகில் வைத்து முகர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை, கண்ணும் தொண்டையும் எரியும். அதில் பெரும்பகுதி ஆல்பா பைனீன், பீட்டா பைனீன் என்கிற பொருள்கள். இவை டெர்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை, எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாக ஆவியாகும். இதோடு அபியெட்டிக் அமிலம் போன்ற, ஆவியாகாமல் மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பிசின் அமிலங்களும் உண்டு. அவை தூளோடு சேர்ந்து பறந்தால் தோலையும் மூச்சுக் குழலையும் உறுத்தும்.

ஆக, பைன் மரம் "விஷ மரம்" இல்லை. நியூசிலாந்திலிருந்தும் சிலியிலிருந்தும் வருகிற பைனில் செய்த அலமாரி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறோம். ஆனால் பாம்பு அலமாரிக்குப் பக்கத்தில் படுப்பதில்லை, அலமாரிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறது, அதுவும் கீழே சூடு வைத்து.

அது சரி, பாம்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை? எலி, முயல் எல்லாம் அதில்தானே படுக்கின்றன?

பாம்பின் உடம்பு அப்படி. பெரும்பாலான பாம்புகளுக்கு வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றுதான், இடது சுருங்கிப் போயிருக்கும். மலைப்பாம்பு வகைகளுக்கு இரண்டும் உண்டு, அதிலும் இடது சிறியது. நமக்கு இருக்கிற உதரவிதானம் பாம்புக்குக் கிடையாது, அதனால் நாம் இருமித் துப்புவது போல் சளியைத் துப்ப அதனால் முடியாது. மூச்சுக் குழலில் உறுத்தல் வந்து சளி கட்டினால் அது அங்கேயே தங்கும், அதில் கிருமி ஏறும்.

இன்னொன்று, பாம்பு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள வாசனைத் துகளை எடுத்து மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. நமக்கு "லேசான மர வாசனை" என்று தோன்றுவது அதற்குக் காலையும் மாலையும் முகத்தில் அடிக்கிற நெடி. எழுந்து வேறு அறைக்குப் போகவும் அதற்கு வழி இல்லை, நாம்தான் மூடி போட்டு வைத்திருக்கிறோம்.

முயலும் எலியும் கம்பிக் கூண்டில் இருக்கும், காற்று நாலு பக்கமும் போய்வரும். அப்படியும் அவற்றுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

இதெல்லாம் ஆராய்ச்சியில் வந்ததா, இல்லை ஆளாளுக்குச் சொல்வதா?

1967-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. செஞ்சீடார், வெள்ளைப் பைன், பாண்டரோசா பைன் ஆகியவற்றின் சீவலில் படுக்க வைத்த சுண்டெலிகளுக்கும் எலிகளுக்கும் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் அதிகமாகிவிட்டன. தூக்க மருந்து கொடுத்தால் சீக்கிரமே விழித்துக்கொண்டன, ஏனென்றால் கல்லீரல் மருந்தை வேகமாகக் கரைத்துவிட்டது. பீச், பிர்ச், மேப்பிள் போன்ற இலைமரங்களின் சீவலில் இருந்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை. மரத்தின் ஆவி உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அதே நேரம், அது எலியில் செய்த ஆய்வு, பாம்பில் செய்தது அல்ல. "பைன் பாம்பைக் கொன்றுவிடும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அது மிகை. கல்லீரலைக் கூடுதலாக வேலை வாங்கும் ஒன்றை, இருமக்கூட முடியாத பிராணியின் பெட்டிக்குள் நான் எதற்காகப் போட வேண்டும், இதுதான் என் கேள்வி.

சீடாரும் பைனும் ஒன்றுதானா?

இல்லை, இந்தக் குழப்பத்தால்தான் பாதிச் சிக்கல். இரண்டும் ஊசியிலை மரக் குடும்பங்கள், ஆனால் சீடாரின் எண்ணெய் மிக வீரியமானது. துணிப் பெட்டியில் பூச்சி வராமல் இருக்கச் சீடார் கட்டை வைப்பார்கள். பூச்சியைத் துரத்துகிற அதே எண்ணெய்தான் பாம்பின் மூச்சையும் கெடுக்கும். சீடாருக்குக் காயவைத்தது, பூச்சுப் போட்டது என்ற விதிவிலக்கெல்லாம் கிடையாது. பெட்டியாகவும் வேண்டாம், சீவலாகவும் வேண்டாம்.

நம் ஊர்ப் பிராணிக் கடைகளில் பொட்டலத்தில் "மரச் சீவல்" என்று மட்டும் போட்டிருக்கும், எந்த மரம் என்று இருக்காது. எலுமிச்சை வாசனை, லாவெண்டர் வாசனை என்று வேறு கலந்து விற்கிறார்கள். மரத்தின் பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

பொட்டலத்தில் "கில்ன் டிரைட்" என்று போட்டிருக்கிறதே, அப்போது பரவாயில்லையா?

மரத்தைச் சூளை அறையில் வைத்துச் சூடான காற்றில் நாள்கணக்கில் காயவைப்பதுதான் அது. நீர் போகும், டெர்பீனில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மீதிப் பிசினும் இறுகிவிடும். அதனால் பச்சைப் பைனைவிட இது எவ்வளவோ மேல். வெளிநாட்டில் வளர்க்கிற பலர் சூளையில் காய்ந்த பைன் சீவலைப் போட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் வீட்டுக் காற்று வேறு, நம் வீட்டுக் காற்று வேறு. குளிர் நாட்டில் சூடேற்றிய அறையில் காற்று வறண்டு கிடக்கும். இங்கே பேராக்கில் சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும், மாலை மழை பிடித்தால் துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. சூளையில் காய்ந்த சீவல் நம் வீட்டுக்கு வந்த அன்றே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதன்மேல் தண்ணீர்க் கிண்ணம் கவிழும், பாம்பு மலம் கழிக்கும், கீழே சூடு தட்டு இருக்கும். நாலைந்து நாளில் அடியில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையை விட்டுக் கிளறினால்தான் தெரியும். நம் ஊரில் பாம்புக்கு மூச்சு நோய் வருவதற்குப் பிசினைவிடப் பெரிய காரணம் இந்தப் பூசணம்தான் என்பது என் உறுதியான எண்ணம். பைன் மட்டுமல்ல, எல்லாரும் பாதுகாப்பானது என்று பாராட்டுகிற ஆஸ்பென் என்ற இலைமரத்தின் சீவலும் இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஆஸ்பெனில் பிசின் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூனைக்கு விற்கிற பைன் குச்சி மணல் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

மரத்தூளைச் சூடாக்கி அழுத்திச் செய்த சிறு குச்சிகள் அவை. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் நிறையப் போய்விடும், வாசனை குறைவுதான். ஆனால் ஈரம் பட்டால் குச்சி உதிர்ந்து தூளாகும், பூனைக்கு அதுதானே வசதி. பாம்புக்கு அந்தத் தூள் மூக்கிலும் கண் ஓரத்திலும் வாயிலும் ஒட்டும். பால் பைத்தான் போன்றவற்றுக்கு உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன, அதற்குள்ளும் போய் அடையும். நான் போடுவதில்லை.

பைன் பட்டை?

ஆர்க்கிட் செடிக்குப் போடுகிற பட்டைத் துண்டுகளைக் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. பட்டையில் உள்மரத்தைப் போல நெடி இருக்காது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். உரமோ மருந்தோ சாயமோ கலக்காததாக இருக்க வேண்டும், இரண்டு நாள் வெயிலில் காய வைத்துப் போடுங்கள். துண்டு பெரிதாக இருக்கட்டும், இரையோடு சேர்த்து விழுங்கிவிடாது.

சரக்கு அடுக்குகிற பலகைத் தட்டு (பேலட்) மரம் சும்மா கிடைக்கிறது. அதில் பெட்டி அடித்தால் என்ன?

இதைத்தான் நானும் செய்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு கிடங்குக்குப் பின்னால் போட்டிருந்த பேலட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, அழகாக இழைத்து, மூலை பொருத்தி ஒரு பெட்டி செய்தேன். அப்பா பார்த்துவிட்டு, "பலகை இன்னும் கனமா இருக்குய்யா, காயல" என்றார். நான் கேட்கவில்லை. பூச்சும் போடவில்லை, பூச்சில் ரசாயனம் இருக்கும், வெறும் மரமே இயற்கை என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் சூடு தட்டுக்கு மேலே இருந்த கணுவிலிருந்து தேன் நிறத்தில் பிசின் துளி கட்டியது. தொட்டால் விரலில் ஒட்டியது. அதைச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டேன்.

ஆறாவது வாரம் பால் பைத்தான் எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி அமைதியில் பெட்டியருகே உட்கார்ந்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். மறுநாள் காலை வாயோரத்தில் நுரை. பாம்பு பார்க்கிற மருத்துவர் எங்கள் ஊரில் இல்லை, ஈப்போவுக்குக் கொண்டு போனேன். மருத்துவர் மூச்சுக் குழல் தொற்று என்று சொல்லி, சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று தேற.

மரம்தான் காரணமா என்று கேட்டேன். மரத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார் அவர். பெட்டியின் படத்தைக் காட்டச் சொன்னார், காற்றுத் துளை ஒரே பக்கம் நாலு இருந்தது, அடிப் பலகை நனைந்து கறுத்திருந்தது, குளிர்ந்த பக்கம் இரவில் எவ்வளவு டிகிரி என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிசின் ஆவி உறுத்தியது, ஈரத்தில் பூசணம் ஏறியது, மூடிய காற்று இரண்டையும் உள்ளேயே வைத்திருந்தது. மூன்றும் சேர்ந்துதான் அவனைப் படுக்க வைத்தன. அன்றிலிருந்து யார் பைனைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது பெட்டியின் காற்றையும் ஈரத்தையும்தான்.

பேலட்டில் முத்திரை இருக்குமே, அதைப் பார்த்தால் போதாதா?

ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதிப்படி ஏற்றுமதிப் பேலட்டுகளில் முத்திரை குத்துவார்கள். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. என்று பார்த்ததும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த 30 நிமிடம் மரத்திலிருக்கும் பூச்சியையும் புழுவையும் கொல்லத்தான், பிசினைப் போக்க அல்ல. சூளையில் நாள்கணக்கில் காய்ந்த மரத்துக்குக் கே.டி. என்று தனியாகக் குறி இருக்கும். அப்படியே இருந்தாலும் அந்தப் பேலட்டில் என்ன சாமான் ஏற்றினார்கள், என்ன கொட்டியது என்று முத்திரை சொல்லாது. சும்மா கிடைக்கிற மரத்தில் பூந்தொட்டி வைக்கப் பலகை செய்யுங்கள்.

சரி, புதுப் பைன் பலகை வாங்குகிறேன். எப்படிச் செய்வது?

வாங்கும்போதே கணு குறைந்த பலகையாகப் பொறுக்குங்கள். பிசின் அதிகம் தங்குவது கணுவைச் சுற்றித்தான். கையில் தூக்கிப் பாருங்கள், ஒரே அளவுப் பலகைகளில் எது இலேசாக இருக்கிறதோ அது காய்ந்தது. மூக்கில் வைத்துப் பாருங்கள். நெடி வந்தால் கீழே வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி அடித்துவிடாதீர்கள். இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இருக்கிற கணுக்கள்மேல் அரக்கு மெருகு இரண்டு தடவை தடவுங்கள், அப்பா அந்தக் காலத்தில் கதவுக்குச் செய்த வேலை இது, பிசின் பெயின்ட்டைத் தாண்டி வெளியே வராமல் பிடித்துவைக்கும். அதன்மேல் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன், மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நன்றாகக் காயவிட்டு லேசாகத் தேய்க்க வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம், அடிப்பக்கம், வெட்டிய முனைகள், துளையின் உள்சுவர் எல்லாம் பூசுங்கள். முனையை விட்டுவிட்டால் அங்கேதான் தண்ணீர் ஏறும். மூலைகளில் மீன் தொட்டிக்குப் போடுகிற சிலிக்கோன். குளியலறை சிலிக்கோனில் பூசண எதிர்ப்பு மருந்து கலந்திருப்பார்கள், அது வேண்டாம்.

அப்புறம் பொறுமை. டப்பாவில் சில மணி நேரத்தில் காயும் என்று எழுதியிருப்பது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வதுதான், உள்ளே இறுக நாள் ஆகும். நம் ஈரக் காற்றில் இரண்டு வாரம் திறந்து வைக்காமல் நான் பாம்பை விடுவதே இல்லை. கடைசியாக ஒரு சோதனை: சூடு தட்டைப் போட்டு, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஒரு பகல் முழுக்க மூடி வையுங்கள். மாலையில் திறந்ததும் தலையை உள்ளே விட்டு முகருங்கள். உங்களுக்கு ஏதாவது வாசனை தெரிந்தால் இன்னும் ஒரு வாரம்.

காற்றுத் துளை ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப் பக்கம் உயரமாகவும் இருக்கட்டும். சூடான காற்று மேலே வெளியேறும்போது புதுக் காற்று கீழே உள்ளே வரும். சூடு தட்டுக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து தானாக அணைத்துப் போடும் கருவி) கட்டாயம். மரப்பெட்டியில் அது இல்லாமல் சூடு வைப்பது நெருப்போடு விளையாடுவது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரியும் குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரையும் இருந்தால் போதும். தகரக் கூரை வீட்டில் மதியம் அறையே அவ்வளவு சூடாகிவிடுகிறது, அப்போது சூடு தட்டு தானாக அணைந்திருக்க வேண்டும்.

பைன் எதற்கு? ரப்பர் மரப் பலகை, பிளைவுட் எல்லாம் இருக்கிறதே?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது ரப்பர் மரப் பலகைதான். பால் வற்றிய மரத்தை வெட்டிப் புகைக் கூட்டில் விறகாக எரித்த காலம் அப்பாவுக்கு நினைவிருக்கிறது, இப்போது அதே மரத்தில்தான் நாட்டின் மேசை நாற்காலி பாதி ஓடுகிறது. பைன் மாதிரிப் பிசின் நெடி அதில் இல்லை. ஆனால் பூச்சியும் பூசணமும் சீக்கிரம் பிடிக்கும் மரம் என்பதால் அறுத்ததும் போரான் உப்பு ஏற்றுவார்கள், அதனால் அதற்கும் பூச்சு வேண்டும். பிளைவுட் வாங்கினால் கடலோரப் படகு வேலைக்கு என்று விற்கிற ரகம் நல்லது. மலிவான ரகத்தின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். எம்.டி.எஃப். பலகை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், வேண்டாம். மெராந்தி பரவாயில்லை. காப்பூர் மரம், சந்தனம் என்று மணக்கிற மரம் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

உள்ளே ஏறி விளையாடக் கிளை?

கொய்யாக் கிளை. வழுவழுப்பு, உறுதி, நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். மாங்கிளை வேண்டாம், அதன் பால் பட்டால் நமக்கே புண்ணாகும். ரப்பர்க் கிளையும் பால் காயும்வரை ஒட்டும். தோட்டத்து வரிசைக்குள் விழுந்து கிடக்கிற கிளை எதையும் எடுக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இங்கே 2020 ஜனவரி 1 முதல் தடையாகிவிட்டது, ஆனாலும் களைக்கு வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். பைன் கிளையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துச் சுட வேண்டாம், பிசின் புகைந்து பற்றிக்கொள்ளும்.

நான் பைனே பயன்படுத்தவில்லை. அப்படியானால் எனக்குக் கவலை இல்லைதானே?

தரை துடைக்கப் பைன் வாசனைத் திரவம் ஊற்றுகிறீர்களா? சிலவற்றில் பைன் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் ஃபீனால் வகை கிருமிநாசினி. பலகையில் மிச்சமிருக்கும் டெர்பீனைவிட இது பல மடங்கு நேரடியான ஆபத்து. பெட்டியை அதனால் துடைக்கவே கூடாது. நான் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து, தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்து, காயவைத்து, அப்புறம்தான் பாம்பை விடுவேன்.

நம் வீடுகளில் இன்னும் சில இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சூடம், ஊதுபத்தி, கொசுவர்த்தி, துணி அலமாரியில் அந்துருண்டை. என் அம்மா சாம்பிராணித் தூபத்தை எல்லா அறைக்கும் காட்டுவார், பாம்பு அறைக்கும் சேர்த்து, அதுவும் வீட்டு உயிர்தானே என்று. அந்த அன்பை எப்படித் தடுப்பது? "அம்மா, அவனுக்கு மூச்சுக் கோளாறு வந்து பிழைத்தவன், புகை ஆகாது" என்று ஒரு தடவை உட்கார்ந்து சொன்னேன். இப்போது வெள்ளி மாலை அவரே முதலில் அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழே ஒரு துண்டை வைத்துவிட்டுத்தான் தூபம் போடுகிறார். அந்துருண்டை மட்டும் வீட்டில் எங்குமே வேண்டாம், நாஃப்தலீன் கதவு சாத்தினாலும் கசிந்து வரும். டெங்கிக்குப் புகை அடிக்க வருகிற நாளில் பெட்டியை உறவினர் வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி.

பைன் வாசனைக்கு உண்ணி வராது என்கிறார்களே?

பாம்பு உண்ணியை விரட்டுகிற அளவுக்கு நெடி இருந்தால் அது பாம்பையும் தாக்கும். பூச்சுப் போடாத பலகையின் இடுக்குதான் உண்ணி முட்டையிட வசதியான இடம், அதனால் உண்மை இதற்கு நேர் எதிர். செதிலுக்கடியில், கண்ணோரத்தில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளி நகர்ந்தால், தண்ணீர்க் கிண்ணத்திலேயே பாம்பு கிடந்தால், உண்ணி என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வருடமாகப் பைன் சீவல்தான் போடுகிறேன், பாம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

நன்றாக இருக்கிறது என்றால் சந்தோஷம், உண்மையாகவே. உங்கள் பெட்டியில் காற்று நன்றாகப் போகிறது, சீவலை அடிக்கடி மாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் பாம்பு தன் நோயைக் கடைசிவரை மறைக்கிற பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பருந்து தூக்கிப் போய்விடும், அந்தப் பழக்கம் பெட்டிக்குள்ளும் போகாது. நமக்குத் தெரிகிறபோது நோய் முற்றியிருக்கும். இன்றைக்கே அள்ளிக் கொட்டுங்கள் என்று சொல்லவில்லை, அடுத்த தடவை மாற்றும்போது வேறு போட்டுப் பாருங்கள்.

வேறு என்றால் என்ன போடுவது?

தென்னை நாரும் தென்னை மட்டைத் துண்டும். நம் ஊரிலேயே கிடைக்கிறது, விலை குறைவு, ஈரம் பட்டாலும் சீக்கிரம் கெடாது, நெடி இல்லை. செடிக் கடையில் வாங்கினால் உரம் கலக்காதது கேளுங்கள். உப்பு இருக்கும் என்பதால் ஒரு தடவை அலசிக் காயவையுங்கள். கார்ன் பாம்புக்கு அவ்வளவு ஈரம் ஆகாது, அதற்கு இன்னும் காய்ந்த படுக்கை. நோயிலிருந்து எழுந்த பாம்புக்கும் புதிதாக வந்த பாம்புக்கும் பழைய நாளிதழே போதும், அழகாக இருக்காது, ஆனால் சளி, மலம், உண்ணி எல்லாம் உடனே கண்ணுக்குத் தெரியும்.

எதைப் பார்த்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வாயைத் திறந்து மூச்சு விடுவது, விசில் அல்லது களகளச் சத்தம், மூக்கிலோ வாயிலோ குமிழி, தலையை வெகுநேரம் மேலே தூக்கியே வைத்திருப்பது. சட்டை உரிக்கும் சமயத்தில் மூக்கில் தோல் ஒட்டிக்கொண்டு லேசாக விசில் வரலாம், உரித்ததும் நின்றுவிடும். நிற்காவிட்டால் போங்கள். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம், தைலம் தடவவே வேண்டாம். எலிக்குப் பார்க்கிற மருத்துவர் எல்லாம் பாம்புக்குப் பார்ப்பதில்லை, நோய் வருவதற்கு முன்பே உங்களுக்குக் கிட்டே யார் பார்க்கிறார் என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள்.

தோட்டத்துக் கால்வாயில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது அண்ணே, பைன் பெட்டி ஒன்று செய்து தருவீர்களா?

மாட்டேன் தம்பி. இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. நம் ஊர் மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கடையில் பாம்பு வாங்கினாலும் அதற்கு உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானில் கேட்டுவிட்டே காசு கொடுங்கள். அந்தக் குட்டி வளர்ந்தால் எந்தப் பெட்டிக்கும் அடங்காது, செம்பனைத் தோட்டத்தில் எலி பிடித்துத் திரியட்டும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் கையால் பிடிக்காமல் 999-ஐ அழையுங்கள், பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள். குட்டியாக இருந்தால் நாகமா சாரையா என்று பெரியவர்களே தடுமாறுவார்கள்.

அந்தப் பழைய பேலட் பெட்டியை என்ன செய்தீர்கள்?

எரிக்கப் போனேன், அப்பா விடவில்லை. கறுத்த அடிப் பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை போட்டார். இப்போது அவருடைய உளிகளும் இழைப்புளியும் அதில் இருக்கின்றன. மழைக் காலத்தில் மூடியைத் திறந்தால் இன்னமும் பிசின் வாசனை வருகிறது.